ஸ்கங்க் அடித்த மரத்திலிருந்து நாற்றத்தை எடுத்த கதை

ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சி அடிக்கும் நாற்றம் துணியில் பட்டால் துவைக்கலாம். கண்ணாடியில் பட்டால் துடைத்துவிடலாம். மரத்தில் பட்டால்தான் பெரிய பாடு. போய்விட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் ஒரு மழை பெய்யும், மறுபடியும் வீடு முழுக்க அதே வாடை. எங்கள் வீட்டுப் பின்கதவு, அதை ஒட்டிய மரப்படிகள், டெக் எனும் வெளி மரத்தளத்தின் அடிப்பக்கம் மூன்றிலும் ஒரே இரவில் இது நடந்தது. அதைச் சரிசெய்தபோது எனக்கு உறைத்தது ஒன்றுதான். மரத்தின் மேல்பரப்பைக் கழுவுவது பாதி வேலைகூட இல்லை. வார்னிஷோ பெயிண்டோ இல்லாமல் மரம் எங்கே திறந்து கிடக்கிறதோ, நாற்றம் அங்கேதான் ஏறி உட்காரும். அந்த இடங்களைத் தேடிப் பிடித்து, நாற்றத்தை எடுக்கும் கரைசலை அங்கே ஈரமாக நிறுத்திவைக்க வேண்டும்.

அப்போது கோடை முடிகிற சமயம். பக்கத்து வீட்டு நாய் எதையோ துரத்திக்கொண்டு எங்கள் படிக்கு அடியில் நுழைந்தது. அடுத்த நொடி முனகிக்கொண்டே ஓடி வந்தது. வட அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கங்க் என்பது பூனை அளவில் இருக்கும் கறுப்பு விலங்கு. முதுகில் வெள்ளைப் பட்டை, புசுபுசுவென்று வால். பார்த்ததும் அடித்துவிடாது. முன்கால்களால் தரையைத் தட்டும், வாலைத் தூக்கிக் காட்டும், எதிரி அப்போதும் விலகவில்லை என்றால்தான் வாலுக்கு அடியில் உள்ள சுரப்பிகளிலிருந்து எண்ணெய்ப் பசையான மஞ்சள் திரவத்தைப் பீய்ச்சும். மூன்று மீட்டர் தூரம்வரை நன்றாகவே குறிபார்க்கும். எங்கள் விஷயத்தில் நாய் மேல் பட்டதுபோக மீதியெல்லாம் படிகளின் அடிப்பக்கத்திலும், டெக்கைத் தாங்கும் தூண்களிலும், கதவின் கீழ்ப்பகுதியிலும் தெறித்துவிட்டது.

நெடுஞ்சாலையில் காரில் போகும்போது எப்போதாவது அடிக்கும் அந்த வாடையை வைத்து இதை எடைபோடாதீர்கள். கிட்டத்தில் வேறு மாதிரி இருக்கும். ரப்பர் கருகினாற்போல, பூண்டு அழுகினாற்போல, அதோடு கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் சேர்ந்து குடலைப் புரட்டிவிடும். என் மனைவி குழந்தைகளை மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து வைத்தாள். பின்பக்கக் காற்றை உள்ளே இழுக்காமல் இருக்க ஏசியை நிறுத்தினோம். இரண்டையும் முதல் பத்து நிமிடத்துக்குள் செய்துவிட வேண்டும். வாடை சோபாவிலும் திரையிலும் ஏறிவிட்டால் அது தனி வேலையாகிவிடும்.

இனி மரத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அந்தத் திரவத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இது தெரியாமல் கடையில் விற்கும் வாசனை ஸ்பிரேயை வாங்கி அடித்தால் பணம்தான் போகும். நாற்றத்துக்குக் காரணம் தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள். கலிபோர்னியாவில் அப்போது ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகம் என்று இருந்த நிறுவனத்தின் வேதியியலாளர் வில்லியம் வுட், வரிப்பட்டை ஸ்கங்கின் திரவத்தைப் பிரித்து ஆராய்ந்து 1990இல் வெளியிட்டார். அதில் முக்கியமான சேர்மங்கள் ஏழு. மூன்று தயோல்கள், அவற்றுக்கு இணையான மூன்று தயோஅசிட்டேட்கள், இவை தவிர ஆல்கலாய்டு என்ற நைட்ரஜன் சேர்மம் ஒன்று. மூக்கைத் துளைப்பது தயோல்கள். தயோஅசிட்டேட்களுக்கு அவ்வளவு வாடை கிடையாது. ஆனால் ஈரம் பட்டதும் அவை மெல்ல உடைந்து தயோலாக மாறும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் மரத்தின் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. காய்ந்த மரத்தில் தயோஅசிட்டேட் சத்தமில்லாமல் கிடக்கும். வெயில் நாளில் படியில் உட்கார்ந்து காபி குடிக்கலாம், ஒன்றும் தெரியாது. மழை பெய்தால், பனி விழுந்தால், யாராவது செடிக்குத் தண்ணீர் விடும்போது படியை நனைத்துவிட்டால் உடனே கிளம்பிவிடும். முதலில் இதைக் கவனித்தது என் மனைவிதான். "என்னங்க, மழை வந்தாலே வருது பாருங்க, வெயில்ல ஒண்ணுமே இல்ல" என்றாள். அதன்பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தக்காளிச் சாறு ஊற்றச் சொல்லி அக்கம்பக்கத்தில் நிறையப் பேர் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தக்காளிச் சாறு தயோலை ஒன்றும் செய்யாது. ஒரே நாற்றத்தை வெகுநேரம் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போய்விடும். அப்போது புதிதாக வரும் தக்காளி வாசனை மட்டும் தெரியும், பழையது போய்விட்டதாகத் தோன்றும். வெளியிலிருந்து வருகிற ஆள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வார். மரத்தில் ஊற்றினால் சிவப்புக் கறையும் சர்க்கரைப் பிசுக்கும் எறும்பும்தான் மிச்சம்.

தயோலை மறைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். அதோடு ஆக்சிஜனைச் சேர்த்துவிட்டால் அது நாற்றமில்லாத, தண்ணீரில் கரையக்கூடிய வேறு பொருளாகிவிடும். இதற்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் கலவையை 1993இல் கெமிக்கல் அண்ட் இன்ஜினியரிங் நியூஸ் இதழில் வெளியிட்டவர் பால் கிரீபாம் என்ற வேதியியலாளர். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால் கப் சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒன்றிரண்டு தேக்கரண்டி. அவ்வளவுதான். சோப்பு அந்த எண்ணெய்ப் பசையை உடைக்கும். சோடா கரைசலைக் காரமாக்கும், அதில் தயோல் சீக்கிரம் வினைபுரியும். பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுக்கும். மூன்றில் எதை விட்டாலும் வேலை அரைகுறையாகிவிடும்.

இந்தக் கலவையை மூடிய பாட்டிலில் வைக்கவே கூடாது. கலந்ததும் ஆக்சிஜன் நுரைத்து வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் அழுத்தம் ஏறி வெடித்துவிடும். கடையில் இது பாட்டிலில் கிடைக்காததற்கும் அதுதான் காரணம். டெக்குக்குப் பூச்சிமருந்து அடிக்கும் பம்ப் ஸ்பிரேயரில் ஊற்றி அடிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம், அதுவும் மூடிய பாத்திரம்தான். திறந்த பிளாஸ்டிக் வாளி, நல்ல ஸ்பாஞ்ச், நீளக் கைப்பிடி உள்ள பிரஷ், இவை போதும். ஒரே தடவையில் வாளி நிறையக் கலக்காதீர்கள், நேரம் ஆக ஆக அதன் வீரியம் குறைந்துவிடும். ஒரு பாட்டில் பெராக்சைடுக்கு ஒரு கலவை, அது தீர்ந்ததும் அடுத்தது. கையுறையும் கண்ணாடியும் அவசியம் போட வேண்டும். படிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்யும்போது சொட்டுவதெல்லாம் முகத்தில்தான் விழும்.

நாயின் உடம்பில் இதை ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் போதும் என்பார்கள். மரத்துக்கு அது போதாது. ரோமத்தில் திரவம் மேலே ஒட்டியிருக்கும். மரம் அதை உள்ளே உறிஞ்சிவிடும். கரைசலும் அதே ஆழத்துக்குப் போக வேண்டும், போகிறவரை காயாமல் இருக்க வேண்டும்.

எங்கே எவ்வளவு உறிஞ்சியிருக்கும் என்பதை எனக்குப் புரியவைத்தவர் என் மாமனார். தச்சுவேலையிலேயே ஆயுளைக் கழித்தவர். வீடியோவில் படியைக் காட்டி, பலகையின் மேல்பக்கம் எல்லாம் தேய்த்துவிட்டேன், இன்னும் வாடை அடிக்கிறது என்று சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "மாப்பிள்ளை, மரம் முனையிலதான் தண்ணி குடிக்கும். பலகை அறுத்த முனையப் பாருங்க, தூணோட அடியப் பாருங்க. அப்புறம் அந்தக் கதவக் கழட்டி அடிப்பக்கம் பாருங்க, எவனும் அங்க வார்னிஷ் அடிச்சிருக்க மாட்டான்" என்றார்.

மூன்றுமே சரியாக இருந்தது. மரத்துக்குள் நுண்குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. பலகையைக் குறுக்கே அறுத்த முனையில் அந்தக் குழாய்களின் வாய் எல்லாம் திறந்து நிற்கும். தட்டையான பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை இழுக்கும். எங்கள் படிப் பலகைகளின் மேல்பக்கம் நிறச்சாயமும் ஈரம் புகாமல் தடுக்கும் சீலரும் பூசப்பட்டிருந்தது. அடிப்பக்கம் பூச்சில்லாத வெறும் மரம். அறுத்த முனைகளும் அப்படியே. மேல்பக்கத்தில் மூக்கை வைத்தால் லேசான வாடை, முனையில் வைத்தால் தலை பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

அதனால் முனைகளுக்கு ஒத்தடம் போடுவதுபோலச் செய்தேன். பழைய பருத்தி பனியனைக் கிழித்துப் பட்டைகளாக்கி, கரைசலில் முக்கி, பிழியாமல் ஒவ்வொரு பலகை முனையிலும் ஒட்டவைத்தேன். தூண்களின் அடியில் துணியைச் சுற்றிக் கயிற்றால் லேசாகக் கட்டினேன். அரை மணி நேரம், இடையிடையே ஸ்பாஞ்சால் மேலே ஊற்றி ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தளர்வாகப் போட்டால் வெயிலில் சீக்கிரம் காயாது. இறுக்கிக் கட்டக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். துணியை எடுக்கும்போது முனையில் பொடிப்பொடியாக நுரை வந்துகொண்டிருந்தது. நுரை நிற்கும்வரை விட்டு, பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டேன். துடைக்காமல் விட்டால் சோடா காய்ந்து வெள்ளையாகப் படியும். அடுத்து சீலர் பூசும்போது அது ஒட்டாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு மூலையில் கொஞ்சமாகத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெராக்சைடு மரத்தின் நிறத்தை வெளிறவைக்கும். சாயம் பூசிய பலகையில் திட்டுத்திட்டாக வெளுத்தால் பிறகு முழுப் படியையும் சாயம் பூச வேண்டிவரும். ஓக், சிடார் போல டேனின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரத்தில் இரும்பு ஆணி இருந்தால் அதைச் சுற்றி ஈரத்தில் கறுப்பு வளையம் விழலாம். ஆக்சாலிக் அமிலம் சேர்ந்த மர வெளுப்பான் அந்தக் கறையை எடுக்கும். அது விஷம் என்பதால் கையுறை போட்டு, குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இப்போது கதவு. வார்னிஷ் போட்ட ஓக் மரக் கதவு. வார்னிஷ் முழுசாக இருந்த இடத்தில் வேலை சுலபம். சோப்புத் தண்ணீரில் துடைத்து, அதே கரைசலைத் தடவி, சில நிமிடம் விட்டுத் துடைத்தால் முடிந்தது. உள்ளே போக வழியில்லாததால் நாற்றமும் மேலேயே நிற்கும். ஆனால் கதவைச் சாத்தினால் உள்ளே வாடை, திறந்து வைத்தால் இல்லை. கீல்களின் முள்ளைத் தட்டி எடுத்து, கதவைக் கழற்றி இரண்டு நாற்காலி மேல் படுக்கப்போட்டுப் பார்த்தால் மாமனார் சொன்னபடியே அடிவிளிம்பு வெறும் மரம். ஒரு பூச்சுகூட அதன்மேல் பட்டதில்லை. தரைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத் திரவம் தெறித்து, அந்த விளிம்பு முழுக்க ஊறியிருந்தது. பொருத்துகளில் இருந்த மயிரிழை விரிசல்களுக்குள்ளும் இறங்கியிருந்தது. அடியில் இருந்த ரப்பர்ப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன். ரப்பரில் ஏறிய வாடையோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

கதவு விளிம்பைக் கழுவும்போது தண்ணீரை அளவாகப் பயன்படுத்துங்கள். அடிவிளிம்பில் அதிகம் ஊறினால் கதவு உப்பி, நிலையில் உரசும். கரைசல் தோய்த்த துணிப்பட்டையை விளிம்பு நீளத்துக்கு வைத்து, காய்ந்தபின் முகர்ந்து, தேவையானால் மறுபடி வைப்பதுதான் நல்லது. கதவை நன்றாகக் காயவிட்டே மாட்டினோம். அதுவரை வாசலில் ஒரு பிளைவுட் பலகை நின்றது.

உள்ளே மரத்தரையில் நடந்து வந்த கால்தடங்களில் மட்டும் லேசான வாடை இருந்தது. பாலியூரிதேன் பூச்சு என்பதால் ஒரு தடவை துடைத்ததும் போய்விட்டது. பலகைகளின் இணைப்புகளில் தண்ணீர் தேங்கவிடாமல் உடனே உலர்த்தினால் போதும்.

வேலை முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காய்ந்த மரத்தை முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் ஸ்பிரே பாட்டிலில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரை எடுத்து ஒரு சின்ன இடத்தை நனையுங்கள். சில நிமிடம் கழித்து முகருங்கள். உள்ளே தயோஅசிட்டேட் மிச்சமிருந்தால் அந்த ஈரத்தில் எழும்பி வரும். வரவில்லை என்றால் அந்த இடம் முடிந்தது. நான் படியில் ஒவ்வொரு முனையாக இப்படிப் பார்த்து, முடிந்த இடத்தில் சாக்பீஸால் குறிவைத்தேன். வாடை வந்த இடத்துக்கு மட்டும் மறுபடி துணிக்கட்டு. இப்படிச் செய்ததால் வேலை நாளுக்கு நாள் சுருங்கியது, முழுப் படியையும் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. முகர்வதற்கு முன் கால்மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் வெளியிலிருந்து வந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். நாள் முழுக்க அதிலேயே இருந்தவரின் மூக்கை நம்ப முடியாது. தயோலை மனித மூக்கு நூறு கோடியில் பத்துப் பங்கு அளவிலேயே கண்டுபிடித்துவிடும் என்பதால், ஓய்வெடுத்த மூக்கைவிட நல்ல கருவி கிடையாது.

குளோரின் பிளீச் வேலை செய்யாதா என்று கேட்கலாம். செய்யும், அதுவும் தயோலை மாற்றிவிடும். கான்கிரீட், சைடிங் எனும் வெளிச்சுவர் உறை போன்ற இடங்களுக்கு ஒரு கேலன் (நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) தண்ணீரில் ஒரு கப் பிளீச் கலந்து கழுவச் சொல்வார்கள். என் கருத்தில் பார்வைக்கு வைக்கும் மரத்துக்கு அது கடைசி வழி. நிறத்தை உறிஞ்சிவிடும், மரநாரைப் பஞ்சாக்கும், பக்கத்தில் உள்ள செடிகளைக் கருக்கும். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா சேர்ந்த எந்தக் கிளீனரையோ கலக்கக் கூடாது. ஒன்றில் குளோரின் வாயுவும் மற்றதில் குளோரமைனும் கிளம்பும், இரண்டுமே நுரையீரலைப் பாதிக்கும். "எதைப் போட்டாவது போகட்டும்" என்ற அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவது சுலபமாக நடந்துவிடும். ஒரு பொருளைப் பயன்படுத்தினால் நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகுதான் அடுத்தது.

டெக்கின் பரப்பு பெரிது, அத்தனைக்கும் பாட்டில் பெராக்சைடு வாங்கினால் கட்டுப்படியாகாது. அங்கே கைகொடுத்தது ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் அதுவே ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடியம் கார்பனேட்டாகவும் பிரியும். அடிப்படையில் அதே வேலைதான், காரம் மட்டும் கூடுதல். வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவில் போட்ட அளவுப்படி கலந்து, பரப்பை ஈரமாகவே கால்மணி நேரம் வைத்து, பிரஷால் தேய்த்துக் கழுவினேன். இதையும் மூடி வைக்கக் கூடாது. சிடார், ரெட்வுட் என்றால் இந்தக் காரத்தில் மரம் கறுத்துப்போகும். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசல் தடவினால் நிறம் திரும்பும்.

பழைய வீட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அமெரிக்காவில் 2003 கடைசிவரை வீட்டு டெக்குகளுக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் பெரும்பாலும் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அப்படிப்பட்ட மரத்தில் பிளீச், பெர்கார்பனேட், ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றை ஊற்றினால் அந்த நச்சுகள் வெளியேறுவது கூடும். அங்கே மெல்லிய சோப்புக் கரைசலோடு நிறுத்திக்கொண்டு, நாற்றம் அடங்காத பலகையை மாற்றிவிடுவதே நல்லது. அந்த மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. அதேபோல 1978க்கு முன் பூசிய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பழைய பெயிண்ட் உள்ள கதவைச் சோதித்துப் பார்க்காமல் உரசாதீர்கள். எங்கள் டெக் அதற்குப் பிற்பாடு கட்டியது என்பதைப் பழைய ரசீதைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் தூள் வாளியைத் திறந்தேன்.

உப்புத்தாளைப் பற்றி இன்னொன்று. நாற்றம் மேல்தோலில்தான் இருக்கும், சீவி எடுத்துவிடலாம் என்று முதலிலேயே உரச ஆரம்பிப்பவர்கள் உண்டு. அது வேலையைக் கூட்டும். தூள் பறந்து போகிற இடமெல்லாம் வாடையும் போகும், மூக்குக்குள்ளும் போகும். முதலில் கரைசல், பிறகு நன்றாகக் காய்தல், கடைசியில்தான் உப்புத்தாள். அதுகூட நாற்றத்துக்காக இல்லை. ஈரத்தில் மரநார் எழும்பி, கையை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். 120 எண் தாளால் மரநாரின் போக்கிலேயே லேசாக ஓட்டினால் போதும்.

மறுபடி ஊறாமல் இருக்க, திறந்து கிடந்த மரத்தை மூடினேன். நாற்றத்தை உள்ளே அடைத்து மறைப்பதற்கு எல்லோரும் சொல்வது ஷெல்லாக் ப்ரைமர். அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக் வாடையை நன்றாகத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர்ச் சோதனையில் தேறாத மரத்தின்மேல் அதைப் பூசினால், எந்த விரிசல் வழியாக நாற்றம் வெளியே வரும் என்று தேடுவது இன்னும் கஷ்டம். தேறிய பிறகு கதவின் அடிவிளிம்பில் இரண்டு பூச்சு பூசி, மேலே வார்னிஷ் அடித்தேன். வெயில் மழை படும் படிக்கு ஷெல்லாக் தாங்காது. பலகை முனைகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் வெளிப்புற மரச் சீலர்தான். முனையில் முதல் பூச்சு உடனே உள்ளே போய்விடும், குடித்து முடிக்கும்வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். படியின் அடிச்சட்டம் ஒன்றில் மட்டும் பெரிய வெடிப்பு இருந்தது, அதற்குள் எதுவும் போய்ச் சேரவில்லை. நாலைந்து தடவை துணி கட்டிப் பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டேன். அதற்கான செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம், மற்ற எல்லா இடமும் முடிந்த பிறகு ஒரு சட்டம் மட்டும் நாறிக்கொண்டிருந்தால் அத்தனை வேலையும் வீண்.

வீட்டுக்குள் காற்றில் தங்கிய வாடைக்கு ஜன்னலைத் திறந்து எதிரெதிரே விசிறி வைத்தது நன்றாக வேலை செய்தது. வீட்டு ஏசியின் பில்டரையும் மாற்றினோம். ஓசோன் எந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரையும் அரித்துவிடும். மரத்துக்குள் ஊறியதை அது எட்டவும் எட்டாது.

இத்தனையும் முடித்துவிட்டு அந்த விலங்கு திரும்ப வராமல் பார்க்கவில்லை என்றால் அடுத்த வருடம் மறுபடி இதே கதைதான். டெக்குக்கு அடியில் அது குடியிருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள, நுழையும் இடத்தில் மெல்லியதாகக் கோதுமை மாவைத் தூவி வைத்தோம். இரவில் வெளியே போனால் கால்தடம் விழும். ஸ்கங்க் மே மாதவாக்கில் குட்டி போடும். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அவசரமாக ஓட்டையை அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும், தாய் வெளியே பலகையைப் பிராண்டும். வெறிநோயைக் கடத்தக்கூடிய விலங்கு என்பதால் கையால் தொடுவதோ குச்சியால் விரட்டுவதோ கூடாது. பிடித்து வேறிடத்தில் விடுவதைப் பல மாநிலங்கள் சட்டப்படி தடுத்திருக்கின்றன. உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் உரிமம் பெற்ற வனவிலங்கு ஆட்களைக் கூப்பிடுவதுதான் வழி.

எங்கள் மாவில் தொடர்ந்து எந்தத் தடமும் விழவில்லை. அதன்பிறகு டெக்கைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அடித்தோம். வரிப்பட்டை ஸ்கங்குக்கு அவ்வளவாக ஏறத் தெரியாது, தோண்டத் தெரியும். அதனால் வலையை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கி, கீழ்முனையை வெளிப்பக்கமாக இன்னும் ஓர் அடி மடக்கிப் புதைத்தோம். தோண்டிக்கொண்டு வந்தால் வலையில்தான் முட்டும். புல்வெளியில் உள்ள வண்டுப் புழுக்களுக்காகத்தான் அது பெரும்பாலும் வீட்டுப் பக்கம் வருகிறது. இரவில் வெளியே வைத்த பூனைச் சாப்பாடும் அதை இழுக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் தன் நாயின் சாப்பாட்டுத் தட்டை மாலையிலேயே உள்ளே எடுத்துவிடுகிறார், படிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தன் கொட்டகைக்கும் அதே வலையைப் போட்டுவிட்டார்.